அடங்காப்பிடாரி

"அக்கா, இவளை நீயே கூட்டிட்டுப் போயிடு. என்னால முடியல!"

செருப்பைக் கழட்டக்கூட விடல என் தம்பி. ஸ்கூல் வேன் ஓட்டறவன். ஊரார் பிள்ளைங்க இருபது பேரை ஒரே அதட்டுல உக்கார வைப்பான். பெத்த பொண்ணு ஒண்ணு, ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற சுண்டைக்காய், அவனைத் தண்ணி குடிக்க வைக்கிறா.

"இன்னிக்கு என்னடா?"

"உள்ள வந்து பாரு."

பார்த்தேன். கட்டில் பூரா பவுடர். அவன் ஷூவுக்குள்ள டூத் பேஸ்ட். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டதுல, ஹால் வரைக்கும் தண்ணி.

"நேத்து வேன் சாவியை மாவு டப்பாக்குள்ள போட்டுட்டாக்கா. தேடித் தேடி நாக்கு தள்ளிடுச்சு. பகல்ல பக்கத்து வீட்ல பெட்டிப் பாம்பா இருக்காளாம். நான் வேலை முடிஞ்சு வந்தாப் போதும், ஆரம்பிச்சுடுவா. என்னைக் கண்டாத்தான் ஆகல!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொண்டாட்டி போய்ச் சேர்ந்ததுலேருந்து அவனே பாதி ஆளாயிட்டான். இதுல இவ வேற படுத்தி எடுக்கணுமா? தாயில்லாப் பிள்ளைன்னு ஆளாளுக்குச் செல்லம் கொடுத்ததுல தலைமேல ஏறி உக்காந்துட்டா.

"ஏண்டி, ஏன் இப்படிப் பண்றே?"

கல்லுளிமங்கி மாதிரி நின்னா.

"எடுடி உன் துணியெல்லாம். இனிமே அத்தை வீடுதான் உனக்கு. அங்க வந்து வாலாட்டினே, ஒட்ட நறுக்கிடுவேன்!"

அழுவான்னு பார்த்தேன். அழல. பாவாடை, கவுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பையில திணிச்சா. தம்பி அதைப் பார்க்கப் பிடிக்காம, துடைப்பத்தையும் வாளியையும் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டான்.

அவன் தலை மறைஞ்சதும் என் கையைப் பிடிச்சு இழுத்தா.

"அத்தை, நான் வரேன். ஆனா தினமும் சாயங்காலம் என்னை இங்க கொண்டாந்து விடறியா?"

"எதுக்குடி? அவனுக்கு மிச்சம் மீதி இருக்கற உயிரையும் வாங்கவா?"

"இல்ல அத்தை..." ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினா.

"சும்மா இருந்தா அப்பா அழறாங்க. என்னைத் திட்டும்போது மட்டும்தான் அழறதில்ல."