ஒற்றை நாற்காலி

மனைவி போய்ச் சேர்ந்த மறுமாதமே பல் டாக்டர் ஹோம் தியேட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டு கேட்பதற்கென்றே இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வாங்கினார். அவள் படுத்த படுக்கையாய்க் கிடந்த காலமெல்லாம் பழைய ஸ்பீக்கர்கள் ஐந்தும் கூடத்தில் அலறிக்கொண்டுதான் இருந்தன. கிளினிக்கில் நோயாளி லேசாக முனகினாலே கையை எடுத்துவிடுகிற மனிதர், வீட்டில் மட்டும் செவிடு. பக்கத்து அறையிலிருந்து அவள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டால், படம் முடிந்த பிறகு போய் நிற்பார்.

“சத்தத்துல கேக்கலடி” என்பார்.

உண்மையில் அவள் கூப்பிட ஆரம்பித்ததும்தான் அவர் சத்தத்தைக் கூட்டுவார்.

புதியதைப் பொருத்த வந்த மெக்கானிக் டேப் பிடித்து அளந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே ஒற்றை நாற்காலியைப் போட்டார்.

“இங்க உக்காந்தா, பாடுறவங்க உங்க முன்னாடி நடுவுல வந்து நிக்கிற மாதிரி இருக்கும் டாக்டர்.”

புல்லாங்குழல் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, முதலில் தானே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

“பிரமாதம்! குழலுக்கு நடுவுல அந்தம்மா பேசுறதுகூட எவ்வளவு சுத்தமா விழுது! பாவம், தொண்டை வறண்டு போச்சுபோல. யாராவது ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா?”

“அதுல குரலே கிடையாதேப்பா” என்றார் டாக்டர்.

மெக்கானிக் போனதும் அவர் உட்கார்ந்தார். சத்தத்தைக் குறைத்தார். குழல் மட்டும் குறைந்தது. எழுந்து ஓடிப்போய் ப்ளக்கையே பிடுங்கினார். குழல் நின்றது.

நாற்காலிக்கு நேர் எதிரே, நடுவில், அவள் நிதானமாகக் கேட்டாள்:

“இப்பக் கேக்குதாங்க?”