அரை நிமிஷ அமைதி

மனநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டே பாட்டுக் கட்டும் கீபோர்டுக்காரரைப் பற்றிய ஆவணப்படம் அது. பேட்டி முடிந்ததும், வழக்கம்போல, எடிட்டிங்குக்காக வெறும் அறையின் சத்தத்தை அரை நிமிஷம் பதிவு செய்தார் ஒலிப்பதிவாளர். இயக்குநர், கேமராமேன், கீபோர்டுக்காரர், அவர் தங்கை எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். ஒலிப்பதிவாளரின் ஹெட்போனுக்குள் யாரோ ஒரு மெட்டை முணுமுணுத்தார்கள்.

கீபோர்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். "உங்களுக்கும் கேக்குதா சார்?"

மாத்திரை ஆரம்பித்த ஆறு மாதமாக அண்ணனுக்குக் குரல் எதுவும் கேட்பதில்லை என்று தங்கை சற்றுமுன்தான் கேமரா முன் சொல்லியிருந்தாள். இப்போது அவள் கண்கள் கெஞ்சின.

"ஒண்ணும் கேக்கலையே," என்றார் ஒலிப்பதிவாளர்.

கீபோர்டுக்காரர் தலையாட்டிவிட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நாலு பேரும் பாத்துப் போங்க."

படமெடுக்க வந்திருந்தது மூன்று பேர்.

தெருமுனையில் வேன் திரும்பும்போது இயக்குநர் எரிந்து விழுந்தார். "யோவ், அந்த மெட்டை முணுமுணுக்கறத விடவே மாட்டியா?"

ஒலிப்பதிவாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.