எல்.இ.டி. விருந்து

"ஏளா, உன் சங்கிலி கவரிங்தான?" மகள் சடங்கில் ஊரே பார்க்க நாத்தனார் சந்தனச்செல்வி கேட்டதை முத்துக்கனி மறக்கவில்லை.

நாத்தனாரின் சங்கிலியும் அன்று வெயிலில் பல்லிளித்ததை அவள் கவனித்திருந்தாள். ஆனால் வீட்டு ஹாலோஜன் பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் பித்தளைகூடப் பவுன்தான். கரண்டு மிச்சம் என்று கணவன் ராஜதுரையை நம்பவைத்து, வீடு முழுக்க வெள்ளை எல்.இ.டி. மாட்டினாள். சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைத்தாள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் சத்தமாகக் கேட்டாள்: "என்ன மதினி, சங்கிலி கறுத்துக் கெடக்கு? கவரிங்கா?"

சந்தனச்செல்வி குனிந்து பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. முத்துக்கனிக்கு மீன்குழம்பே இனித்தது.

"ஏலே ராஜதுரை!" சந்தனச்செல்வி தம்பியிடம் திரும்பினாள். "ஒன் கல்யாணத்துல மூணாம் முடிச்சு போட்டதுக்கு நீ குடுத்த சங்கிலில்லா இது!"

ராஜதுரை எழுந்துபோய் லைட்டை அணைத்தான்.