சொல்லிவைத்த கேள்வி

கணினித் துறையினரின் சிறிய மாநாட்டில், தகவல்களுக்கு நகல் எடுத்துவைக்கும் 'பேக்கப்' பற்றி முதல்முறையாகப் பேசப்போகிறாள் அக்கா. பேச்சைவிட, முடிவில் வரும் கேள்விகளை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெரிஞ்சவங்களை விட்டு முதல் கேள்வியைச் சுலபமா கேட்கச் சொல்லுங்க. பயம் போயிடும்," என்றார் பேச்சாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

தம்பியும் அதே துறைதான்.

"டேய், 'பேக்கப் எதுக்கு எடுக்கணும்?' இதை மட்டும் கேளு."

"சரிக்கா."

அவள் பேசி முடித்ததும் தம்பி எழுந்தான்.

"எடுத்துவெச்ச பேக்கப்பே கெட்டுப்போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

அக்காவுக்குப் பகீரென்றது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக விளக்க ஆரம்பித்தாள். முடித்தபோது அரங்கமே கைதட்டியது.

வெளியே வந்ததும் அவன் காதைத் திருகினாள். "என்னை மாட்டிவிடத்தான் வந்தியா?"

"பின்னாடி இருந்தவர், 'யாரோ எழுதிக் குடுத்ததை ஒப்பிக்கிறாங்க'ன்னு சொல்லிக்கிட்டிருந்தார்க்கா. நீ சொன்ன கேள்வியைக் கேட்டிருந்தா எல்லாரும் அதையே நம்பியிருப்பாங்க."

"நான் பதில் தெரியாம முழிச்சிருந்தா?"

"போன மாசம் என் ஆபீஸ்ல இதே மாதிரி ஆனப்போ, போன்லயே சரிபண்ணிக் குடுத்தது யாரு?"

அக்கா காதை விட்டாள்.

"அந்த ஆளும் கைதட்டினாராடா?"

"முதல்ல தட்டினதே அவர்தான்."