ராதிசாவின் கனம்

பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து ராதிசாவ் இளைத்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவி மிலுன்காவுக்கு மட்டும், நனைந்த சிமெண்டு மூட்டை போல நாளுக்கு நாள் கனத்தார். கட்டில் கால்கள் பலகைத் தரையில் குழி பறித்திருந்தன.

குடும்பப் புனிதரின் திருநாளன்று கொழுந்தன் ஒப்ராத் வந்தான். மெழுகுவத்தி ஏற்றி ரொட்டி பிட்கும்போது வீட்டுத் தலைவர் எழுந்து நின்றாக வேண்டும். அண்ணனை ஒற்றைக் கையால் அணைத்துத் தூக்கி நிறுத்தினான்.

"என்ன அண்ணி, கோழிக்குஞ்சு மாதிரி இருக்காரு! இவரத் தூக்கவா ஆள் வேணும்னு போன்ல அழுதீங்க?"

"எனக்குக் கனக்குதுப்பா. வாரத்துல ஒரு நாளாவது வந்துட்டுப் போயேன்."

"நீங்க நல்லாச் சாப்பிடுங்க. தெம்பு தானா வரும்."

அண்ணனைக் கிடத்திவிட்டு, பிளம் சாராயம் ஒரு மடக்கு குடித்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான்.

விரிப்பைச் சரிசெய்ய மிலுன்கா கணவரின் முதுகுக்கடியில் கையை விட்டாள். கை திரும்ப வரவில்லை. கட்டிலில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். ஒப்ராத்தைக் கூப்பிட்டாள். பஸ் புறப்படும் சத்தம்தான் கேட்டது. விரல்கள் மரத்துப் போயின.

ராதிசாவ் அவளையே பார்த்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டு, தன்னால் முடிந்த மட்டும் லேசாக இருக்கப் பார்த்தார்.