இருபதடி நிழல்

மோட்டார் ரம்பம் உறுமியதும் மோர்னாவின் தேநீர் மடியில் கொட்டியது.

வீட்டுச் செருப்போடு பின்தோட்டத்துக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டு டூகல் ஏணியில் நின்றிருந்தான். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருபதடி வளர்ந்திருந்த தன் சைப்ரஸ் மர வேலியின் உச்சியில் ரம்பத்தை வைக்கப் போனான்.

"டூகல், நிறுத்து. வெட்டாத."

ஐந்து வருடத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

டூகல் ரம்பத்தை அணைத்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். எறங்கு."

"ஆறடிக்கு மேல ஒரு இலை இருக்கக் கூடாதாம். நகராட்சி உத்தரவு. பதினோரு மணிக்கு அளக்க வர்றாங்க."

மோர்னா வேலியின் அடியைக் காட்டினாள்.

கறுத்த ஈர மண்ணில், கூழாங்கற்களுக்கு நடுவே, இதய வடிவ இலைகளோடு ஏழு செடிகள். மழைப் பீப்பாயிலிருந்து வந்த குழாய் அவற்றின் காலடியில் கசிந்துகொண்டிருந்தது.

வசாபி. ஜப்பானில் மலையோடைக் கரைகளில் வளர்வது. அவளுக்குக் கிளாஸ்கோவிலிருந்து தபாலில் வந்தது.

அந்த வேலி நிழலில் முன்பு உருளைக்கிழங்கு அழுகியிருந்தது. பீன்ஸ் பூக்கவே இல்லை. ஸ்ட்ராபெர்ரியை நத்தைகள் தின்று தீர்த்தன. வசாபி மட்டும் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

குளிர் வேண்டும். ஈரம் வேண்டும். நேர் வெயில் கூடாது. கோடையில் ஒரு வாரம் வெயில் பட்டால் போதும், எல்லாம் போய்விடும்.

இரண்டு வருடத்தில் ஒன்றுதான் முற்றியிருந்தது. மற்ற ஆறுக்கும் இன்னொரு குளிர்காலம் வேண்டும்.

"இந்தக் கீரைக்காகவா?" என்றான் டூகல்.

"கீரையா? எறங்கி வந்து தின்னு பாரு. அப்புறம் பேசு."

முற்றியதைப் பிடுங்கிக் கழுவினாள். அடித்தண்டை ஜாதிக்காய்த் துருவியில் துருவினாள். இளம்பச்சை விழுது. ஓட்ஸ் ரொட்டியில் புகை போட்ட கானாங்கெளுத்தி மீனை வைத்து, வேலியைச் சுற்றி அவன் பக்கம் எடுத்து வந்தாள்.

டூகல் வெண்ணெய் தடவுவதுபோல் விழுதைத் தடவினான். அவள் தடுக்கவில்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டான். மூக்கு வழியாக ஏதோ தலைக்குள் ஏறியது. கண்ணீர் தாடியில் வழிந்தது.

"அடிப்பாவி," என்றான். பிறகு, "இன்னொன்னு குடு."

அவளும் தன் பங்குக்குத் தாராளமாகத் தடவிக்கொண்டாள்.

ஏணியின் கீழ்ப்படியில் இருவரும் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி, அழுது, சிரித்து, மறுபடியும் தின்றார்கள்.

பதினோரு மணிக்குத் தோட்டக் கதவு திறந்தது. நகராட்சி அதிகாரி. இளம்பெண். கையில் நீண்ட அளவுகோலும் தடித்த கோப்பும்.

வெட்டப்படாத வேலியைப் பார்த்தாள். டூகலை முறைத்தாள். மோர்னாவின் நனைந்த கன்னங்களைப் பார்த்ததும் ஓடி வந்து தோளில் கை வைத்தாள்.

"அழாதீங்கம்மா. அஞ்சு வருஷத்துல நாப்பத்தோரு புகார் எழுதியிருக்கீங்க. இன்னிக்கு இந்த வேலிய வெட்டாம நான் போகப்போறதில்ல."

மோர்னா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். காரத்தில் குரல் எழும்பவில்லை.

டூகல் அவசரமாக இன்னொரு ரொட்டியை எடுத்து, அதிகாரிக்காக, தடிமனாகத் தடவத் தொடங்கினான்.