கல்லுப்பு

வேலாத்தாள் உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள். வெறும் அடி தட்டுப்பட்டது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் மேய்ச்சல் காட்டின் படலருகே நின்று ஒரு குரல் கொடுப்பாள். நான்கு மாடுகளும் ஓடிவந்து அவள் உள்ளங்கையில் இருக்கும் கல்லுப்பை நக்கித் தீர்க்கும்.

"ஏனுங்க, மாட்டுக்கு வெச்சிருந்த உப்பு எங்கீங்க?"

சென்னியப்பன் முதுகிலிருந்து மருந்து டேங்க்கை இறக்கி வைத்துவிட்டு முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"களைக்கொல்லியில கரைச்சுட்டேன். உப்புச் சேந்தாத்தான் பார்த்தீனியம் வேரோட கருகுமாம். காடு பூராவும் அடிச்சாச்சு."

"மாடுக உள்ளதானுங்களே நிக்குது?"

"நின்னா என்ன? அந்தச் செடிய எந்த மாடு மோந்து பாத்திருக்குது?"

அது உண்மைதான். அந்தக் கசப்புச் செடியை ஒட்டி முளைத்த புல்லைக்கூட அவை தொட்டதில்லை. வேலாத்தாள் படலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். ஒரு மாடும் திரும்பவில்லை. பார்த்தீனியத்தின் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே தலையைத் தாழ்த்தி நின்றன. காற்றே இல்லை. இலைகளை வழித்தெடுக்கும் நாக்குகளின் சத்தம் படல் வரைக்கும் கேட்டது.

மறுபடியும் கூப்பிட்டாள். சினைக் கிடாரி மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழக்கம் மாறாமல் ஓடிவந்தது. அவள் ஒரு கையால் அதன் கொம்பை இறுகப் பிடித்தாள். அது அவளுடைய மறு கையை ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு கொம்பை உதறி விடுவித்துக்கொண்டு, வந்த வழியே ஓடியது.